சோளகத்தில் வற்றும் ஆறும் பிராந்துகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஆறென்று சொல்ல இருப்பது வழுக்கையாறு. மாரி வெள்ளத்தைச் சுமந்து அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் கடனீரேரியில் விழும். சோளகம் வீசத் தொடங்கினால் அதன் படுகையில் மாடு மேயும். தொண்டைமானாறும் உப்பாறும் பெயரில்தான் ஆறுகள். உண்மையில் உவர்நீர் ஏரிகள். ஒக்ரோபர் மழை வரும்வரை அவற்றின் ஓரங்களும் சுருங்கி உப்புப் பூக்கும். இரைகொல்லிப் பறவைகளைத் தேடுபவருக்கு இதுவே நல்ல காலம்.

நீர் சுருங்கச் சுருங்க, மீன்கள் முழங்காலளவு குட்டைகளில் ஒடுங்குகின்றன. தப்பிப் போக வழியில்லை. ஒளிய ஆழமும் இல்லை. ஆகவே தரவை முழுக்க அலைய வேண்டாம். கடைசியாக வற்றும் குட்டை எதுவெனக் கண்டு, விடியற்காலையில் அதன் அருகே அமர்ந்தால் போதும். செம்பருந்து தாழப் பறந்து வந்து, நனையாமலே காலால் மீனைக் கவ்வும். சிலவேளை பறந்துகொண்டே கொத்தித் தின்னும்.

வெயில் ஏறியதும் தரை சூடாகி, வெப்பக்காற்று மேலெழும். அதில் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறுகின்றன பிராந்துகள். அப்போது வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் நுனி நடுவில் பிளவுபட்டிருக்கும். செம்பருந்தின் வால் நுனி வளைந்திருக்கும். இளம் செம்பருந்துகள் தவிட்டு நிறத்தில் இருப்பதால், நிறத்தை நம்பினால் ஏமாறுவோம். தென்னிலங்கையில் அரிதான கரும்பருந்தை வடக்குக் கரையில் எளிதாகக் காணலாம் என்பது நமக்குக் கிடைத்த பேறு. விரித்த சிறகு இரண்டு மீற்றர் அளவுக்கு நீண்டு, வால் ஆப்பு வடிவில் தெரிந்தால் அது வெண்வயிற்றுக் கடற்கழுகு. மீனோடு கடற்பாம்பையும் தூக்கும்.

நண்பகலில் வானம் வெறுமையாகிவிடும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. நிழலில் அலகைத் திறந்து மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கின்றன. தண்ணீரின் பெரும்பகுதி இரையின் உடலிலிருந்தே கிடைக்கிறது. இந்நேரம் காகமோ கரிக்குருவியோ ஒரு மரத்தைச் சுற்றிக் கத்தினால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வைரி ஒன்று ஓலை மறைவில் இருக்கும்.

ராஜஸ்தானின் லூனி, நமீபியாவின் குய்செப் போன்ற பாலை ஆறுகளிலும் ஓட்டம் நின்றபின் கரைமரங்களே பறவைகளைத் தாங்குகின்றன. மண்ணடி ஈரம் அந்த மரங்களைத் தாங்குகிறது. இங்கே அந்த இடத்தில் பனை நிற்கிறது. போரில் எத்தனையோ பனங்கூடல்களை இழந்துவிட்டோம். வட்டிழந்த மொட்டைப்பனை காணிக்காரருக்குப் பயனற்றதாகத் தெரியலாம். இரை தேடும் பருந்துக்கோ நாற்புறமும் பார்வை கிடைக்கும் இருக்கை அது. நீர்க்கரையில் நிற்பவற்றையாவது தறிக்காமல் விட வேண்டும். அவற்றின் பொந்துகளில்தான் கிளியும் மைனாவும் முட்டையிடுகின்றன.