கறுப்பு உடை, வெள்ளை உடை, நள்ளிரவு வரை முகமூடி

முகமூடி விருந்துக்கு ஏற்பாடு செய்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, வருகிறவர்கள் என்ன உடுத்தி வர வேண்டும் என்பதைத்தான். மண்டபமும் சாப்பாடும் அதற்குப் பிறகு. 'விருப்பப்பட்ட வேடத்தில் வாருங்கள்' என்று பொதுவாக எழுதிவிட்டால் சிலர் அளவுக்கு மீறிச் செலவழிப்பார்கள், சிலர் குழம்பிப்போய் வராமலே இருந்துவிடுவார்கள். இதை நன்கு புரிந்துகொண்டு திட்டமிட்டவர் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டி. 1966 நவம்பர் 28, திங்கட்கிழமை இரவு, நியூயார்க் பிளாசா ஹோட்டலில் அவர் நடத்திய 'கறுப்பு வெள்ளை நடனம்' இன்றும் பேசப்படுகிறது.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த 'இன் கோல்ட் பிளட்' நூல் அவருக்குப் பெரும் பணமும் புகழும் தந்திருந்தது. ஆனாலும் விருந்தைத் தன் வெற்றி விழாவாக அவர் அறிவிக்கவில்லை. கணவர் மறைந்தபின் 'வாஷிங்டன் போஸ்ட்' நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றிருந்த கேத்தரின் கிரகாமைக் கௌரவ விருந்தினராக்கி, அவருக்காகவே விருந்து என்றார். ஊர்ப் பெரும்புள்ளிகளை ஒரே கூரையின்கீழ் வரவழைக்க இதைவிட நாசூக்கான வழி கிடையாது.

அழைப்பிதழ் உடை விதியைச் சுருக்கமாகச் சொன்னது. ஆண்களுக்குக் கறுப்பு விருந்து உடை, கறுப்பு முகமூடி. பெண்களுக்குக் கறுப்பு அல்லது வெள்ளை உடை, வெள்ளை முகமூடி, கையில் விசிறி. 'மை ஃபேர் லேடி' படத்தின் குதிரைப்பந்தயக் காட்சியில் எல்லோரும் கறுப்பு வெள்ளையில் நிற்பதுதான் இந்த யோசனைக்கு வித்து. இரண்டே நிறங்கள் என்றதும் விருந்தினர்களே மண்டபத்துக்கு அலங்காரம் ஆகிவிட்டார்கள். மேசைகளில் சிவப்பு விரிப்பு போட்டதே போதுமாக இருந்தது. முகமூடியில் அவரவர் கற்பனைக்கும் இடம் இருந்தது. நடிகை கேண்டிஸ் பெர்கன் நீண்ட முயல் காதுகள் வைத்த வெள்ளை முகமூடியில் வந்தார். கப்போட்டியோ பொம்மைக் கடையில் 39 சென்ட்டுக்கு வாங்கிய சாதாரண கறுப்பு முகமூடியை மாட்டிக்கொண்டார். விதி எளிதாக இருந்தால் வசதி படைத்தவரும் இல்லாதவரும் ஒரே அறையில் கூச்சமின்றி நிற்க முடியும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

விருந்தினர் பட்டியல்தான் அவருக்கு அதிக உழைப்பை வாங்கியது. கோடைக்காலம் முழுவதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். முடிவில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அழைக்கப்பட்டார்கள். திரைத்துறையினரும் அரசியல் குடும்பத்தினரும் மட்டுமல்லாமல், நூலுக்காகத் தகவல் திரட்டிய நாட்களில் கான்சாஸ் மாநிலத்தில் பழகியவர்களும் அதில் இருந்தார்கள். தனியாக இருப்பவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துவர அனுமதி இல்லை. கண்டிப்பான விதிதான், ஆனால் அவர்கள் தனித்துவிடாதபடி, நடனத்துக்கு முன் நண்பர்களின் வீடுகளில் சிறு சிறு இரவு உணவுகளுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அறிமுகம் அங்கேயே நடந்துவிட்டதால் பத்து மணிக்கு மண்டபத்துக்குள் நுழையும்போது யாரும் அந்நியராக நிற்கவில்லை. இந்த அக்கறைதான் விருந்தின் உயிர்.

முகமூடியும் சாப்பாடும் ஒத்துப்போகாது என்பதை ஏற்பாட்டாளர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். முழு முகத்தையும் மூடினால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. வியர்வையும் புழுக்கமும் சேர்ந்து அரை மணி நேரத்தில் கழற்றச் சொல்லும். அதனால் கண்ணையும் மூக்கின் மேற்பகுதியையும் மறைக்கும் அரை முகமூடியே நல்லது. கண்ணாடி அணிபவர்களுக்குப் பிடி வைத்த, கையில் ஏந்தும் முகமூடி வசதி. எப்போது கழற்றுவது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிளாசாவில் நள்ளிரவில் முகமூடிகள் கழன்றன, அதே நேரத்தில் உணவும் வந்தது. உணவுப் பட்டியல் ஆடம்பரமானதல்ல: ஸ்பெகட்டியும் இறைச்சி உருண்டைகளும், கோழிக்கறிக் கலவை, முட்டைப் பொரியல். ஷாம்பெயின் மட்டும் 450 பாட்டில்கள். மொத்தச் செலவு சுமார் 16,000 டாலர்.