பஃபலோ-நயாகரா ஃபால்ஸ் மாநகரப் பகுதி

பஃபலோ-நயாகரா ஃபால்ஸ் மாநகரப் பகுதி என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஈரி ஏரியையும் நயாகரா ஆற்றையும் ஒட்டி அமைந்துள்ள நகர்ப்புறப் பகுதியாகும். ஈரி, நயாகரா ஆகிய இரு கவுண்ட்டிகளை இது உள்ளடக்கியது. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள் தொகை 1,166,902 ஆகும். இது 2000 இல் 1,170,111 ஆகவும், 2010 இல் 1,135,509 ஆகவும் இருந்தது. மொத்தத் தொகை அதிகம் மாறாதது போலத் தோன்றினாலும், பகுதியின் உள்ளே பெரும் இடப்பெயர்வு நிகழ்ந்துள்ளது.

மக்கள் தொகை

1825 இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டபின் பஃபலோ தானிய வணிகத்தாலும், பின்னர் எஃகுத் தொழிலாலும் வளர்ந்தது. 1900 இல் 352,387 மக்களுடன் நாட்டின் எட்டாவது பெரிய நகராக விளங்கியது. 1950 இல் 580,132 என்னும் உச்சத்தை எட்டியது. 1959 இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டதும், கப்பல்கள் பஃபலோவில் சரக்கை இறக்காமலே கடலுக்குச் செல்ல வழி ஏற்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அண்டை நகரான லாக்கவானாவின் எஃகு ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2010 இல் நகரின் மக்கள் தொகை 261,310 ஆனது. இது உச்சத்தில் பாதிக்கும் குறைவு. 1900 இல் இருந்ததை விடவும் குறைவு.

வெளியேறியோர் அனைவரும் தொலைதூரம் செல்லவில்லை. பல்கலைக்கழக வளாகம் அமைந்த புறநகரான ஆம்ஹர்ஸ்டின் மக்கள் தொகை 2000 இல் 116,510 ஆக இருந்து 2020 இல் 129,595 ஆக உயர்ந்தது. மாறாக, நயாகரா ஃபால்ஸ் நகரின் தொகை 1960 இல் 102,394 ஆக இருந்து 2020 இல் 48,671 ஆகச் சுருங்கியது.

2020 இல் பஃபலோ நகரின் தொகை 278,349 ஆக உயர்ந்தது. 1950 க்குப் பின் இதுவே முதல் உயர்வாகும். பர்மா, சோமாலியா, காங்கோ முதலிய நாடுகளின் அகதிகளும், நியூயார்க் நகரிலிருந்து இடம்பெயர்ந்த வங்காளதேசத்தவரும் இதற்கு முக்கிய காரணமாவர்.

வருமானம்

இங்கு தரப்படுபவை இடைநிலை வருமானங்களாகும். அதாவது குடித்தனங்களில் பாதி இதற்கு மேலும், பாதி இதற்குக் கீழும் ஈட்டின. 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பஃபலோ நகரக் குடித்தனம் ஒன்றின் இடைநிலை ஆண்டு வருமானம் 24,536 டாலர். ஈரி கவுண்ட்டி முழுமைக்கும் இது 38,567 டாலர். கவுண்ட்டியின் கணக்கில் நகரமும் அடங்குவதால், நகருக்கும் புறநகர்களுக்கும் இடையிலான உண்மை இடைவெளி இதனினும் பெரிது. வறுமைக் கோட்டின் கீழ் இருந்தோர் நகரில் 26.6%, கவுண்ட்டியில் 12.2%. கவுண்ட்டியின் வறியோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நகரினுள்ளேயே வாழ்ந்தனர் என்பது இதனால் பெறப்படும்.

நகரினுள்ளும் மெயின் தெரு ஓர் எல்லைக்கோடு போல் அமைந்துள்ளது. கறுப்பின மக்களில் பெரும்பாலோர் அதன் கிழக்கே வாழ்கின்றனர். 1960களில் கிழக்குப் பகுதியின் ஹம்போல்ட் பூங்காச் சாலை அழிக்கப்பட்டு, புறநகர்வாசிகள் விரைந்து வந்துபோக விரைவுச்சாலை அமைக்கப்பட்டது.

வீட்டு வசதி

2000 இல் நகரில் 145,574 வீட்டு அலகுகளும் 122,720 குடித்தனங்களும் இருந்தன. ஆகவே 22,854 அலகுகள், அதாவது ஏறத்தாழ 16%, ஆளின்றிக் கிடந்தன. கீழ்த்தளத்தில் ஒரு குடித்தனமும் மேல்தளத்தில் மற்றொன்றும் வாழும் மரவீடுகள் இங்கு மிகுதி. உரிமையாளர் ஒரு தளத்தில் குடியிருந்து, மற்றதை வாடகைக்கு விடுவது வழக்கம். தொழிலாளர்கள் சொந்த வீடு பெற இம்முறை உதவியது. ஆனால் வீட்டின் விலையை விடப் பழுதுபார்க்கும் செலவு மிகுந்தபோது, பல வீடுகள் கைவிடப்பட்டன.

2007 இல் நகர நிர்வாகம் ஐந்தாண்டுகளில் 5,000 வீடுகளை இடிக்கும் திட்டத்தை அறிவித்தது. வீடு இடிக்கப்பட்டால் அது கணக்கிலிருந்தே நீங்கிவிடும் என்பதால், புதிதாக எவரும் குடியேறாமலேயே வெற்று வீடுகளின் விகிதம் குறையும். இவ்விகிதத்தை ஒப்பிடுவோர் மொத்த அலகுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

நயாகரா ஃபால்சின் லவ் கால்வாய்ப் பகுதியில் வீடுகள் வெறுமையானதன் காரணம் வேறு. வேதிக்கழிவு புதைக்கப்பட்ட நிலத்தருகே குடியிருப்பு எழுந்ததால், 1978 இல் அங்கு அவசரநிலை அறிவிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

பஃபலோவின் வீடுகளில் பெரும்பாலானவை, ஈயம் கலந்த வண்ணப்பூச்சு 1978 இல் தடைசெய்யப்படுவதற்கு முன் கட்டப்பட்டவை. உரியும் பூச்சின் தூசு சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பழுதுபார்க்கப்படாத வாடகை வீடுகள் மிகுந்த கிழக்கு, மேற்குப் பகுதிகளிலேயே இப்பாதிப்பு அதிகம். குறைந்த வாடகையை நாடி வரும் அகதிக் குடும்பங்கள் குடியேறுவதும் பெரும்பாலும் இவ்வீடுகளிலேயே.