உலோகத்தின் உள்ளே – 9: லாயத்தில் பிளந்த பித்தளை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தை ஒரு விநோதமான தொல்லை பிடித்தது. மழைக்காலத்தில் சண்டை குறைவு. தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால், யார் கையும் படாத தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் பிளந்து கிடந்தன. சுடவுமில்லை, அடிபடவுமில்லை. பொறியாளர்கள் இதற்கு 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். காரணத்தை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கியது 1921இல்தான்.

குதிரை மூத்திரத்தில் உள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. ஈரக் காற்றில் அது பித்தளையிலிருக்கும் செம்பைக் கரைத்து இழுக்கிறது. ஆனால் அம்மோனியா மட்டும் வந்தால் மேற்பரப்பு கறுக்கும், அரிக்கும், இப்படிப் பிளக்காது. பிளப்பதற்கான விசை கூட்டுக்குள்ளேயே காத்திருந்தது.

தோட்டாக் கூட்டுக்கான பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. ஒரு வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அச்சுக்குள் பலமுறை இழுத்து நீட்டி, கடைசியில் வாய்ப்பக்கத்தை ஒடுக்கிக் கழுத்தாக்குகிறார்கள். குளிர்ந்த நிலையில் நடக்கும் இந்த ஒவ்வொரு இழுப்பும் உலோகத்துக்குள் ஓர் இறுக்கத்தை விட்டுச் செல்கிறது. அம்மோனியா படிகங்களின் எல்லைக் கோடுகளில் நுழைந்து அரிக்க, உள்ளிருக்கும் இறுக்கம் அந்தக் கோட்டை விரித்துப் பிளக்கிறது. மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இல்லை: சுமார் 250 டிகிரி செல்சியஸில் மிதமாகச் சூடாக்கினால், பித்தளையின் உறுதி கெடாமல் இறுக்கம் தணிந்துவிடும்.

துல்லியமாகச் சுட விரும்புகிறவர்கள் கவலைப்படுவதும் இதே கழுத்தைப் பற்றித்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் போட்டியாளர்கள் சுட்ட கூட்டையே மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். சுடும்போது கூடு விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரில் ஒட்டி வாயுவை அடைக்கிறது. பிறகு அதை அச்சில் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விரிந்து, சுருங்கி, விரிந்து, கழுத்து முறுக்கேறிவிடுகிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஆவதுபோல. அப்போது ஒரு கூடு குண்டை இறுக்கிப் பிடிக்கும், அடுத்தது தளர்வாகப் பிடிக்கும். குண்டின் வேகம் மாறும். 300 மீட்டரில் அது இலக்கின் மேலும் கீழுமாகத் தெரியும்.

கூடுகளை எடைபோட்டுப் பிரிப்பது, நீளத்தைச் சீவுவது, கழுத்துத் தடிமனைக் கடைவது, அடியில் உள்ள தீத்துளையின் பிசிரை எடுப்பது என்று வேலைகள் ஏராளம். எல்லாமே பயனுள்ளவை. ஆனால் கழுத்தின் பதம் கூட்டுக்குக் கூடு வேறுபடும்வரை மற்றவற்றின் பலன் முழுதாகக் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து. கழுத்தைக் காய்ச்சி மென்மையாக்க வேண்டும். அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது. சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு அளவுக்கு அழுத்தம் எழும் இடத்தில் அடிப்பாகம் மென்மையானால், வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கிப் பீறிடலாம். அதனால்தான் அந்தக் காலத்தில் கூடுகளைப் பாதியளவு தண்ணீரில் நிறுத்திவைத்து, கழுத்துக்கு மட்டும் தீ காட்டினார்கள். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரிவது கறையல்ல, காய்ச்சிய அடையாளம். கடைச் சரக்கில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். அம்மோனியா கலந்த பாலிஷை அதற்குத் தொடவே கூடாது. லாயம் செய்த வேலையை அது புட்டியிலிருந்தே செய்துவிடும்.

வடசென்னையின் மாத்தூரில் இருப்பவர்களுக்கு அம்மோனியா புதிதல்ல. பக்கத்து மணலியில் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் 1971 முதல் அம்மோனியாவும் யூரியாவும் தயாரித்துவருகிறது. 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா, தூங்கிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்களை மூச்சுத் திணறத் தெருவுக்கு விரட்டியது. பித்தளைக்கு ஆகாதது நுரையீரலுக்கு அதைவிட ஆகாது. ஆலை ஓரத்தில் குடியிருப்பவர்கள் அபாயச் சங்கு கேட்கிறார்கள் என்றால், அது அவர்களுக்குச் செய்யும் சலுகை அல்ல. அம்மோனியாவால் குளிரூட்டும் ஐஸ் ஆலைகளுக்குள் போனால், குளிர்க்குழாய்கள் இரும்பாக இருப்பதைப் பார்க்கலாம். செம்பும் பித்தளையும் அங்கே தாங்காது.

அமெரிக்கப் போட்டியாளர்களைப் போல நம் நாட்டில் தோட்டா செய்யும் வேலையை வீட்டில் செய்ய முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்கு உரிமம் கேட்கிறது. புனே அருகே கிர்க்கியில் 1869இல் தொடங்கிய தொழிற்சாலை போன்ற படைக்கலச் சாலைகளில் கூடுகள் உருவாகின்றன. நம் நீலகிரியில், அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலை கூட்டுக்குள் நிரப்பும் வெடிமருந்தைத் தயாரிக்கிறது.

பித்தளையின் இறுக்கம் தணிந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. பழைய சோதனை ஒன்று உண்டு. மாதிரியை மெர்குரஸ் நைட்ரேட் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைப்பார்கள். உள்ளே இறுக்கம் மிச்சமிருந்தால், லாயத்தில் மாதக்கணக்கில் நடந்தது அந்த அரை மணிக்குள் நடந்துவிடும்: கூடு பிளக்கும். அந்தக் கரைசலில் பாதரசம் இருப்பதால், நச்சு குறைந்த வேறு சோதனைகளுக்கு இப்போது ஆலைகள் மாறிவருகின்றன.

(தொடரும்)