கத்திக்கு முன்னே கட்டுப்பாடு

ஞாயிறு திருப்பலிக்கு வந்து, கடைசி வரிசையில் சுவரோரமாக அமர்ந்துகொள்ளும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வயது 42, உயரம் 155 செ.மீ.; எடை 104 கிலோ. அவரால் முழந்தாளிட இயலாது. நற்கருணை வாங்க எழுந்து நடந்தால் மூச்சிரைக்கும். பின்னால் யாரோ சிரிப்பது போலவும் தோன்றும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டன. பல முறை பட்டினி கிடந்து பார்த்தார். குறைந்த எடை ஓராண்டிற்குள் திரும்பி வந்தது. இப்பொழுது மருத்துவர், "இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள், அம்மா" என்கிறார்.

கணவர் அஞ்சுகிறார். மாமியார், "வாயைக் கட்டினால் போதாதா? இதற்குப் போய்க் கத்தி வைக்க வேண்டுமா?" என்று கேட்கிறார். அந்தத் தாயோ, "அறுவை முடிந்துவிட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும்" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இம்மூவரும் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அறுவை, இரைப்பையின் அளவை மாற்றும். உண்பவரின் பழக்கத்தை அது மாற்றித் தராது. அதை மாற்ற வேண்டியவர்கள் நோயாளியும் அவருடைய குடும்பத்தாருமே. அதுவும் அறுவைக்குப் பிறகு அன்று. பல வாரங்களுக்கு முன்பே.

இது எத்தகைய சிகிச்சை?

அமெரிக்காவில் அயோவா பல்கலைக் கழகத்து அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் 1966-ஆம் ஆண்டில் இரைப்பையைச் சுருக்கிச் சிறுகுடலுடன் நேரே இணைக்கும் முறையைத் தொடங்கினார். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தி இதைச் செய்யும் முறை 1990-களில் வந்தது. இன்று மிகுதியாகச் செய்யப்படுவது, இரைப்பையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை அகற்றிவிட்டு, எஞ்சியதை ஒரு குழாய்போல் அமைக்கும் முறையாகும். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பை, அதன்பின் 100 அல்லது 150 மில்லி லிட்டரே கொள்ளும்.

யாருக்கு இது தேவை என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் குறித்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நம் தாய்க்கு 104-ஐ 2.40-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43 வரும். 1991-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று, இந்த எண் 40-ஐ எட்டியவர்களுக்கும், 35-ஐ எட்டி வேறு கடும் நோயும் உள்ளவர்களுக்கும் அறுவையைப் பரிந்துரைத்தது. 2022-இல் அறுவை மருத்துவச் சங்கங்கள் அந்த எல்லையைத் தளர்த்தின. குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் ஆசிய மக்களுக்கு 27.5-க்கு மேற்பட்டாலே இது பற்றி ஆராயலாம் என்றன. எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் இன்று உள்ளன. எவருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

பயன் உண்டா? சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி 4,047 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாயிருந்தது என்பதை 2007-இல் வெளியிட்டார்கள். ஆயினும் இடர் இல்லாத அறுவை இல்லை. தைத்த இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகியவை நேரக்கூடும். தேர்ந்த மருத்துவமனைகளிலும் ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை உயிரிழப்பதுண்டு. ஆயத்தம் செய்வதன் நோக்கமே இந்த இடர்களைக் குறைப்பதுதான்.

பெருந்தீனியா, நோயா?

"பெருந்தீனி தலையான பாவங்களில் ஒன்றாயிற்றே" என்று சிலர் எண்ணலாம். பருத்த உடலைக் கண்ட மாத்திரத்தில் பாவத்தைக் கண்டுவிட்டதாகக் கருதுவது தவறு. பரம்பரை, சில மருந்துகள், சுரப்பிக் கோளாறு, உறக்கக் குறைவு ஆகிய யாவும் எடையைக் கூட்டும். 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஒரு பொருளைக் கண்டறிந்தார்கள். எடை குறையும்போது இது மிகுதியாகச் சுரந்து, இழந்த எடையை மீட்கும்படி உடலை உந்துகிறது. நம் தாயின் பட்டினி தோற்றதற்கு அவருடைய மன உறுதிக் குறைவு மட்டுமே காரணமன்று. அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

உடலை ஆயத்தம் செய்தல்

முதலாவது, கல்லீரல். அது இரைப்பையின்மேல் படிந்து கிடக்கும் உறுப்பு. உடல் பருத்தவர்களுக்கு அதில் கொழுப்பு சேர்ந்து வீங்கியிருக்கும். மருத்துவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இரைப்பையை அணுக வேண்டும். வீங்கிய ஈரல் எளிதில் கிழிந்து குருதி கசியும். எனவே அறுவைக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம், நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கலோரி வரையுள்ள, புரதம் மிகுந்த உணவை மட்டும் உண்ணச் சொல்வார்கள். ஈரல் சுருங்கிவிடும். இந்த இரண்டு வாரத்தில், "இன்று ஒரு நாள்தானே" என்று அசன விருந்தில் அமர்ந்துவிடுகிறவர் தம் மருத்துவரின் கைகளைத் தாமே கட்டிப்போடுகிறார். நீரிழிவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணவு குறையும்போது பழைய அளவிலேயே மாத்திரையும் இன்சுலினும் எடுத்தால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரும். மருந்தளவை மருத்துவரே மாற்றித் தர வேண்டும்.

இரண்டாவது, புகை. பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகியவற்றைக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே அறவே விட்டுவிட வேண்டும். புகை, நுரையீரலைக் கெடுத்து மயக்க மருந்தை ஆபத்தானதாக்கும். தைத்த புண் ஆறுவதையும் தடுக்கும். மதுவையும் விட்டொழிக்க வேண்டும். அறுவைக்குப்பின் சிறிதளவு மதுவும் விரைவில் இரத்தத்தில் ஏறி, புதிய அடிமைத்தனத்துக்கு வழிகோலும்.

மூன்றாவது, மூச்சு. பலத்த குறட்டையும், உறக்கத்தின் நடுவே மூச்சு நின்று திணறி விழிப்பதும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் மறைக்கலாகாது. அது உறக்க மூச்சுத் தடை நோயாயிருக்கலாம். அதற்குரிய காற்றுக் கருவியை அறுவைக்கு முன்பே பயன்படுத்தத் தொடங்க வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கி, வலி பொறுக்கும் அளவுக்கு முப்பது நிமிடமாகக் கூட்டுங்கள். அறுவைக்குப்பின் அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள். கால்களில் இரத்தம் உறையாமல் காப்பது அந்த நடைதான்.

நான்காவது, சோதனைகள். இரும்புச்சத்து, பி-12, வைட்டமின் டி ஆகியவை குறைவாயிருந்தால் முன்பே நிறைவு செய்ய வேண்டும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்துகளைத் தாமே நிறுத்துவதும் தவறு. சொல்லாமல் தொடர்வதும் தவறு.

பழக்கத்தை ஆயத்தம் செய்தல்

நாற்பது ஆண்டு பழகிய வாயை நான்கு நாளில் திருத்த முடியாது. ஆகையால் அறுவைக்குப்பின் எப்படி உண்ண வேண்டுமோ, அப்படியே இன்று முதல் உண்டு பழகுங்கள்.

பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சிறு தட்டையும் சிறு கரண்டியையும் கையாளுங்கள். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுங்கள். மெல்லாமல் விழுங்கிய இட்லித் துண்டும் சிறுத்த இரைப்பையில் அடைத்துக்கொண்டு வாந்தியை வரவழைக்கும். உணவோடு தண்ணீர் குடிக்காதீர்கள். உண்டபின் அரைமணி கழித்து மிடறு மிடறாகக் குடியுங்கள். தட்டில் முதலிடம் பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுக்கு, பிறகு காய்கறி, சோறு கடைசியில். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதோ ஏறக்குறைய 6 கிராம்தான். சோற்றை முதலில் உண்டு வயிறு நிறைந்துவிட்டால் புரதத்துக்கு இடமேது?

காப்பியில் இரண்டு கரண்டிச் சர்க்கரை, நாளுக்கு மூன்று வேளை என்றால் ஆறு கரண்டி. அதிலேயே ஏறத்தாழ 100 கலோரி. அதை இன்றே குறையுங்கள். குடலை இணைக்கும் அறுவைக்குப்பின் இனிப்பு உண்டால் படபடப்பும் வியர்வையும் தலைசுற்றலும் வருவதுண்டு. வாயு ஏற்றிய பானங்களையும் கைவிடுங்கள்.

பசிக்காகத்தான் உண்கிறோமா, துயரத்துக்காக உண்கிறோமா என்பதையும் ஆராய வேண்டும். கணவரோடு மனத்தாங்கல், முறுக்கு டப்பா திறக்கிறது. பிள்ளையின் மதிப்பெண் குறைகிறது. மீந்த சோறு தீர்கிறது. ஒரு குறிப்பேட்டில் உண்ட நேரத்தையும், உண்டதையும், அப்போதிருந்த மனநிலையையும் எழுதுங்கள். இது நமக்குப் புதியதன்று. லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார், ஒரு குறிப்பிட்ட குறையைத் திருத்த நாளுக்கு இருமுறை ஆன்ம சோதனை செய்து, கோட்டின்மேல் புள்ளி வைத்துக் கணக்கிடும்படி கற்பித்தார். தம் ஞானப் பயிற்சிகளில் உணவை நெறிப்படுத்தவும் விதிகள் வகுத்தார். அவற்றுள் ஒன்று, அடுத்த வேளை எவ்வளவு உண்பது என்பதைப் பசியோடிருக்கும்போது முடிவு செய்யாமல், பசியற்ற நேரத்தில் முன்கூட்டியே முடிவு செய்வதாகும். இன்றைய உணவியல் வல்லுநர்கள் கூறும் அறிவுரையும் இதுவே.

குடும்பத்தின் கடமை

ஒருவர் மட்டும் கஞ்சி குடிக்க, மற்றவர்கள் எதிரில் அமர்ந்து பிரியாணி உண்பது அன்பாகாது. எண்ணெய்ப் பலகாரங்களை வீடு முழுவதுமே குறைத்துக்கொண்டால் அனைவருக்கும் நலம். "ஒரு வாய்தானே, சாப்பிடு" என்று ஊட்டுவதை மாமியார் நிறுத்த வேண்டும். கணவர் மாலையில் உடன் நடக்க வேண்டும். மருத்துவமனைச் செலவை மட்டும் கணக்கிட்டால் போதாது. சத்து மாத்திரைகளும் இரத்தச் சோதனைகளும் ஆயுள் முழுவதும் தொடரும். அவற்றைக் கைவிட்டால் இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். வீடு திரும்பியபின் ஓயாத வாந்தி, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல் ஆகிய எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் விரைய வேண்டும். மகப்பேற்றை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட மருத்துவர்கள் கூறுவார்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால், இளந்தம்பதியர் இதுபற்றி மருத்துவரோடும் ஆன்ம குருவோடும் முன்னரே பேசிக்கொள்வது நல்லது.

ஆன்ம ஆயத்தம்

நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு நினைவூட்டினார். ஆலயத்தைப் பழுதுபார்ப்பது வீண் ஆடம்பரமாகாது. அழகுக்காக அன்றி, உயிரையும் கடமைகளையும் காக்கவே இச்சிகிச்சையை நாடுகிறோம் என்ற தெளிவு மட்டும் வேண்டும்.

தவக்கால நோன்பை எண்ணிச் சிலர் கலங்குவதுண்டு. நோயுற்றோரை அக்கடமை கட்டுப்படுத்தாது. நற்கருணைக்கு முன் ஒருமணி நேர உபவாசமும் நோயாளிக்கு இல்லை. தண்ணீரும் மருந்தும் எவருக்குமே அதை முறிப்பதில்லை. விழுங்க இயலாத நாட்களில் அப்பத்தின் சிறு துணுக்கையே தரும்படி பங்குத் தந்தையைக் கேட்கலாம். முன்னாளில் 'அவஸ்தைபூசுதல்' என்று சொல்லிச் சாகும் வேளைக்கென ஒதுக்கிவைத்த திருவருட்சாதனத்தை, கடும் நோயின் பொருட்டுச் செய்யும் அறுவைக்கு முன்பே பெறலாம் என்று 1972-இல் வெளியான புதிய சடங்குமுறை கூறுகிறது. நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து, குடும்பத்தார் சூழ நோயில்பூசுதலைப் பெற்றுச் செல்வது எத்துணை ஆறுதல்!

கத்தியைப் பிடிப்பது மருத்துவரின் கை. அதற்கு முன்னும் பின்னும் கரண்டியைப் பிடிப்பது நம் கை. அந்தக் கைக்கு உறுதி வேண்டி நாளும் செபிப்போம். நம் பங்கில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தத் தாயின் அருகில் இந்த ஞாயிறன்றே சென்று அமர்வோம். "மாலையில் நானும் உடன் நடக்க வருகிறேன், அக்கா" என்று சொல்வோம். அவருடைய ஆயத்தம் அங்கே தொடங்கட்டும்.