பாலைவனப் போரில் ஒரு தண்ணீர்க் குப்பி
எனாமல் பூசிய இரும்பு, கம்பளி உறை. 1937 மாதிரி. கொள்ளளவு சுமார் 1.1 லிட்டர்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர்கள் தோளிலோ இடுப்பிலோ தொங்கவிட்ட குப்பி வகை இது. உறையை நனைத்தால், மண்பானையில் நடப்பதுபோல, உள்ளே நீர் குளிரும்.

1942 அக்டோபர் 23 இரவு, எகிப்தின் எல் அலமெய்னில் பெரும்போர் தொடங்கியது. ருவைசாத் மேட்டில் நின்ற 4-வது இந்திய டிவிஷனில் மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையினரும் இருந்தனர்.

கண்ணிவெடி அகற்றுவது சாப்பர்களின் வேலை. துப்பாக்கிக் கத்தியால் மணலைச் சாய்வாகக் குத்தித் தேடி, தட்டுப்பட்டதைக் கையால் தோண்டி எடுத்தார்கள். பாதுகாப்பான வழியை வெள்ளை நாடாவால் குறித்தார்கள். பகலில் வெயில், ஈ, இரவில் குளிர். தகர டின்களில் வந்த தண்ணீரில் பெட்ரோல் வாடை.

போர்க்காலத்தில் இறந்து எரியூட்டப்பட்ட 600-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அலமெய்ன் தகன நினைவகத்தில் உள்ளன.