அறுந்த கம்பியின் குரல்

யானைக்கவுனியில் இன்று யானையும் இல்லை, கவுனியும் இல்லை. ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து திரும்பியதைக் கண்டு அஞ்சிய கும்பினியார், கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாயில்களுள் ஒன்றுக்கு வழங்கிய பெயர்தான் அது என்பதும், அம்மதிலைப் பேணுவதற்காக ஜனங்கள்மீது சுமத்த எண்ணிய வரியே வால்டாக்ஸ் ரோடு என்ற பெயராக நின்றுவிட்டது என்பதும், அங்கே நாள்தோறும் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களில் பலர் அறியாத சரித்திரம். மதில் கட்டியவர்களின் கணக்கு எளியது: அபாயம் வெளியே இருக்கிறது, உள்ளே இருப்பவர் க்ஷேமமாக இருக்கிறார். அந்த ரோட்டில் சென்ற மாதம் எண்ணூர் போவதற்காக ஒரு வாடகைக் காரில் ஏறியபோது, பின்கதவுத் தூணில் பதித்திருந்த சிவப்புப் பொத்தானைப் பார்த்து எனக்கு இந்தப் பழைய கணக்கு ஞாபகம் வந்தது. ஏனெனில் அந்தப் பொத்தான் அபாயம் உள்ளேயே இருக்கலாம் என்று எண்ணியவர்கள் வைத்தது.

விரல் தானாகவே அதன் பிளாஸ்டிக் மூடியை நோக்கிப் போயிற்று. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "அதை அமுக்கிடாதீங்க சார், எஃப்.சி.க்காகப் போட்டது."

எஃப்.சி.க்காக, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்காக, என்று அவர் சொன்னது பாதி உண்மை. 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பேருந்து ஒன்றில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை தேசத்தை உலுக்கிய பின்னர், பிரயாணி தன் இருக்கையிலிருந்தே உதவிக்குக் கூவ ஒரு சாதனம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, புனேயிலுள்ள வாகன ஆராய்ச்சி ஸ்தாபனமான ஏ.ஆர்.ஏ.ஐ. 2016இல் வெளியிட்ட ஏ.ஐ.எஸ். 140 என்னும் பிரமாணமாக உருவெடுத்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-எச் என்ற புது விதி சேர்ந்தது. தவணைகள் சில தள்ளிப்போன பிறகு, 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பிரயாணி வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருந்தே தீரவேண்டும் என்றாயிற்று. பொத்தானை மட்டும் தனியே விற்கவோ பொருத்தவோ இயலாது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்த இருப்பிடக் கருவிப் பெட்டியின் ஓர் அங்கமாகவே அது இருக்கவேண்டும் என்பது பிரமாணத்தின் நிபந்தனை.

இந்தப் பிரமாணத்தில் என்னை மிகவும் கவர்ந்தது செயற்கைக்கோளும் அன்று, செல்போன் அலையும் அன்று. மிகச் சாதாரணமான ஒரு சுவிட்சின் சுபாவம். நம் வீட்டு வாசலிலுள்ள காலிங்பெல்லை அழுத்தினால் அறுபட்டிருக்கும் மின்வழி கூடுகிறது, மணி அடிக்கிறது. ஆனால் அதன் கம்பியை எலி கடித்துவிட்டால், வந்தவர் எத்தனை முறை அழுத்தினாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. மணி அடிக்காத வீடும் மணி செத்த வீடும் வெளிக்கு ஒன்றுபோலவே அமைதியாயிருக்கும். அவசரப் பொத்தான் இதற்கு நேர்மாறானது. அதன் வழியே மின்சாரம் எந்நேரமும் சன்னமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அழுத்தும்போது அந்த ஓட்டம் அறுபடுகிறது. அறுபட்டதையே பெட்டி கூக்குரலாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே கெட்ட எண்ணத்தோடு ஒருவன் முன்கூட்டியே கம்பியை வெட்டிவைத்தால், அவன் வெட்டிய கணமே பொத்தானை அழுத்தியவனாகிறான். ராத்திரி பாராக்காரனின் தடி ஓசை தெருக்கோடியிலிருந்து ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை திண்ணையில் உறங்குகிறவர், அந்த ஓசை நின்றதும் திடுக்கிட்டு எழுகிறாரே, அதே சூக்ஷ்மந்தான் இது. ஒருமுறை கூவிவிட்டால் ஓட்டுநரால் அடக்கவும் முடியாது. கூக்குரல் போய்ச் சேரும் கட்டுப்பாட்டு மையம் அனுமதித்தால்தான் பெட்டி ஓயும்.

பெட்டிக்கும் பரீட்சை உண்டு. அந்தப் பரீட்சை நம் பிள்ளைகள் எழுதும் பரீட்சையைவிடக் கடுமையானது. குளிரில் வைக்கிறார்கள், சூட்டில் வைக்கிறார்கள், ஈரச்சூட்டில் புழுங்கவிடுகிறார்கள். உதறு மேடையில் கட்டி மணிக்கணக்கில் குலுக்குகிறார்கள். கீழே போட்டுப் பார்க்கிறார்கள். மெக்கானிக் பையன் அவசரத்தில் பேட்டரி முனைகளை மாற்றிப் பிடித்துவிட்டால் என்னாகும் என்று தாங்களே மாற்றிப் பிடித்துப் பார்க்கிறார்கள். உப்புநீரைப் பனிபோலத் தூவும் அறை ஒன்றும் உண்டு. காசிமேட்டில் நிறுத்திவைத்த வண்டியின் கதவடியை விரலால் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு அந்த அறையின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. வண்டியின் பேட்டரியைப் பிடுங்கிய பின்னும் தன் சொந்த மின்கலத்தில் பெட்டி 4 மணி நேரமாவது உயிரோடிருக்க வேண்டும். டவர் கிடைக்காத இடத்தில் 40,000 இருப்பிடக் குறிப்புகளைச் சேமித்து வைத்திருந்து, கிடைத்ததும் ஒப்பிக்க வேண்டும். 5 வினாடிக்கு ஒரு குறிப்பு என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு நாளுக்குமேல் தாங்கும் ஞாபகசக்தி அது. மற்றக் கருவிகளின் மின்காந்தச் சலசலப்பில் குழம்பாதிருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். இத்தகைய மின்காந்தப் பரீட்சைக்கான பெரிய கூடம் நமக்கு அருகில் ஓரகடத்தில் இருக்கிறது. இத்தனையிலும் தேறினால் ஒரு மாதிரிக்கு அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கும். அதன்பின் தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவருபவை அந்த மாதிரிக்கு உடன்பிறப்புகள்தாமா என்று அவ்வப்போது எடுத்துச் சோதிக்க வேண்டியது வேறு விஷயம்.

இருப்பிடம் அறிவதில் ஓர் உள்ளூர்ப் பெருமை உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து இந்தப் பெட்டிகள் அமெரிக்கரின் ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பியிராமல், நம் நாட்டின் நாவிக் கோள்களின் சமிக்ஞையையும் கேட்க வேண்டும் என்று விதித்தார்கள். அவ்வரிசையின் முதற்கோள் 2013 ஜூலையில் புறப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா, எண்ணூரிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால்தான் இருக்கிறது. கோள்களின் அணுக்கடிகாரங்கள் சில பழுதாகி விஞ்ஞானிகளை அலைக்கழித்தன. எனினும் இரு நாட்டுக் கோள்களையும் சேர்த்துக் கேட்கும் பெட்டிக்குச் சௌகார்பேட்டையின் குறுகிய சந்துகளில் வழி தவறுவதற்குச் சந்தர்ப்பம் குறைவு.

ஐரோப்பாவில் இதே காரியம் வேறு வழியாக வளர்ந்தது. அங்கே அச்சம் சக மனிதனைக் குறித்தன்று, நள்ளிரவு நெடுஞ்சாலையில் மோதி நினைவிழந்து கிடக்கும் தனியனைக் குறித்தது. ஆகவே 2018 மார்ச் 31 முதல் அங்கே அனுமதி பெறும் புதுவகைக் கார்கள், காற்றுப்பை விரிந்த மாத்திரத்தில் தாமே 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். அழைப்பு இணைந்ததும் கார் முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் மனிதரைப் பேசவிடும்: நேரம், இடம், போகும் திசை, வண்டியின் அடையாள எண், பெட்ரோலா மின்சாரமா என்பது, முடிந்தால் எத்தனை பேர் என்பது. இவ்வளவும் 140 பைட்டுக்குள் அடங்க வேண்டும். நம் பிரமாணத்தின் எண்ணும் 140 என்பது தற்செயலே. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவும் அவ்வளவுதான், தமிழில் தட்டினால் 70 குறிகளோடு தீர்ந்துவிடும். அச்செய்தி, பழைய ஃபாக்ஸ் மிஷின் இரைவது போன்ற ஒலியாக மாறிக் குரல் செல்லும் வழியிலேயே செல்கிறது. அவர்கள் பரீட்சையின் உச்சம், மோதலின் வேகத்தில் உலுக்கப்பட்ட பிறகும் கருவி பேசுகிறதா, மறுமுனையிலிருந்து திரும்ப அழைத்தால் எடுக்கிறதா என்பது. ஆனால் அத்தாட்சி பெற்ற கருவி முதுமையடையும் முன்பே, அது நம்பியிருந்த 2ஜி, 3ஜி அலைகளைக் கம்பெனிகள் நிறுத்தத் தொடங்கின. 2026 முதல் புதுவகைக் கார்களுக்கு 4ஜி, 5ஜியில் பேசும் கருவி வேண்டும் என்று சட்டம் மீண்டும் எழுதப்பட்டது.

இங்கே சென்னையில் 2022 மே மாதம் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 500 பேருந்துகளில் அந்த டெல்லிக் கொடுமைக்குப் பின் ஏற்பட்ட நிர்பயா நிதியைக்கொண்டு காமிராக்களும் அவசரப் பொத்தான்களும் முதற்கட்டமாக வந்தன. திருவொற்றியூர்ப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும் பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருப்பது சிறிய காரியமன்று. ஆனால் அதே பெண் பேருந்தைத் தவறவிட்டு, இரவு ஒன்பது மணிக்குத் தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக ஒடுங்கி உட்காரும்போது, விதி அவளைக் கைவிட்டுவிடுகிறது. 125-எச் விதியிலிருந்து இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்களுக்கும் ஈ-ரிக்ஷாக்களுக்கும் விலக்கு உண்டு. வடசென்னையின் ராத்திரிப் பிரயாணத்தை அறிந்தவர் எவரும் இந்த விலக்கை எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

பெட்டி தன் ஆரோக்கியத்தையும் அவ்வப்போது தானே அறிவிக்கிறது: மின்கலம் எவ்வளவு, ஞாபகத்தில் இடம் எவ்வளவு, யாராவது மூடியைத் திறந்தார்களா என்றெல்லாம். அதைப் படிப்பதற்கு ஒரு ஜோடிக் கண் மறுமுனையில் இருந்தாக வேண்டும். கண்ணுக்கு அத்தாட்சிப் பத்திரம் வழங்கும் பரிசோதனைச் சாலை இன்னும் ஏற்படவில்லை. பொத்தானை மனிதக் கண் நேரில் பார்க்கும் தகுதிச் சான்றோ, எட்டு வருஷம் ஆகாத வாடகை வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான். 

எண்ணூரில் இறங்கும்போது, இதை யாராவது அழுத்திப் பார்த்ததுண்டா என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை அமுக்கினாரு சார். இனிமே தையிலதான்" என்று சொல்லியபடியே பின்கதவைத் திறந்து, பொத்தானின் மூடிமேல் படிந்திருந்த நிலக்கரித் தூசியை, தப்பித்தவறி அழுந்திவிடாதபடி, கட்டைவிரலால் மெல்லத் துடைத்தார்.