குளத்தைக் கழுவாதீர்கள்

கொல்லைப்புறத் தண்ணீர் – 9

வீட்டுத் தோட்டத்தில் சிறு குளம் வெட்டலாம் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி கொசு. வடகிழக்குப் பருவமழையோடு டெங்குக் காய்ச்சலும் வந்து சேரும் ஊர்களில் இது நியாயமான பயம்தான். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வுகள் இரண்டு. அடிக்கடி தண்ணீரை இறைத்துவிட்டுக் குளத்தைக் கழுவ வேண்டும். இல்லையென்றால் கம்பூசியா மீன் வாங்கி விட வேண்டும். அடியில் மண்ணும் கரையில் செடியும் உள்ள குளத்தில் இந்த இரண்டுமே கொசுவின் எதிரிகளைத்தான் முதலில் கொல்லும் என்பது என் வாதம்.

டெங்கைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு எங்கே முட்டையிடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். டிரம், டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜின் பின்தட்டு ஆகியவற்றின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான இடத்தில் அது முட்டைகளை ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மட்டம் உயர்ந்ததும் பொரிக்கும். நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி நாடுவது கிணறுகளையும் மேல்நிலைத் தொட்டிகளையும். இப்படிப்பட்ட இடங்களில் கொசுப்புழுவைத் தின்ன பெரும்பாலும் ஓர் உயிரும் இருப்பதில்லை. முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால்தான் வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். தொட்டிக்கும் டிரம்முக்கும் இதைவிடச் சரியான அறிவுரை இல்லை. அதையே குளத்துக்கும் சொல்வதுதான் தவறு.

குளத்தில் தட்டான்பூச்சியின் இளம்புழு உண்டு. மல்லாந்து நீந்தும் பூச்சியும் நீர்வண்டும் உண்டு. இவையெல்லாம் கொசுப்புழுவை வேட்டையாடுபவை. இன்னொரு பக்கம், கொசுப்புழு உண்ணும் அதே பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்டு அதற்குப் போட்டியாக நிற்கும் சிற்றுயிர்கள் இருக்கின்றன. இவற்றை அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜொனாதன் சேஸ், டிஃபனி நைட் இருவரும் 2003-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு நல்ல சான்று. எப்போதும் வற்றாத நீர்நிலைகளில் வேட்டையாடிகள் இருந்ததால் கொசு குறைவு. ஆண்டுதோறும் வற்றுபவற்றில், வறட்சிக்குப் பழகிய போட்டியாளர்கள் இருந்ததால் அங்கும் குறைவு. எப்போதாவது வறட்சியில் மட்டும் வற்றி மறுபடி நிரம்பியவற்றில்தான் கொசு பெருகியது. வேட்டையாடியும் போட்டியாளரும் மடிந்த வெற்று நீருக்கு முதலில் வந்து சேர்வது கொசுதான். தட்டான் வந்து முட்டையிட்டு அதன் இளம்புழு வளர வாரக்கணக்கில் ஆகும். நாம் இறைத்துக் கழுவும் ஒவ்வொரு முறையும் அந்த வறட்சியைக் குளத்துக்குக் கையால் கொண்டு வருகிறோம்.

அடுத்தது கம்பூசியா. வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1928-இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவை நிறையத் தின்னும் என்பது உண்மை. தின்பது அதை மட்டுமல்ல என்பதும் உண்மை. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் 1972-இல் வெளியிட்ட சோதனையில், கம்பூசியா விடப்பட்ட குளங்களில் நீர்ப்பூச்சிகளும் நுண்விலங்குகளும் வெகுவாகக் குறைந்தன. அவை மேயாமல் விட்ட பாசி பெருகித் தண்ணீர் கலங்கியது. தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும்கூட இது விடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இந்த மீனின் வேட்டையைச் சொந்த மண்ணின் உயிரினங்களுக்கான அச்சுறுத்தலாக 1999-இல் சட்டப்படி அறிவித்தது. அங்கே இந்த மீன் நுழைந்தது 1925-இல். இவ்வளவு தெரிந்த பிறகும் 2023-இல் ஆந்திர அரசு சுமார் ஒரு கோடி கம்பூசியாவை நீர்நிலைகளில் விட்டது வருத்தமளிக்கிறது. மூடிய சிமென்ட் தொட்டியில் விட்டால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். குட்டி போட்டுப் பெருகும் மீன் இது. ஒரு பெருமழையில் தொட்டி வழிந்தால் வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போய்விடும். மீன் வேண்டும் என்பவர்களுக்கு நம் வயல்வாய்க்கால்களின் முண்டக்கண்ணி இருக்கிறது. நீரின் மேற்பரப்பிலேயே திரியும், தலையில் வெள்ளிப் பொட்டுள்ள அந்தச் சிறு மீன், மூச்சுவிட மேலே வரும் கொசுப்புழுவைத் தேடித் தின்பது. தவளை பெருக வேண்டுமென்றால் அதையும் விடாமல், மீனே இல்லாத குளமாக வைத்திருப்பது நல்லது.

தவளையைப் பற்றி மிகையாகச் சொல்லவும் கூடாது. வளர்ந்த தவளைக்குக் கொசு முக்கிய உணவல்ல. வண்டு, எறும்பு, வெட்டுக்கிளி போன்றவையே அதன் வயிற்றில் அதிகம். தலைப்பிரட்டைகளிலும் பெரும்பாலானவை பாசி மேய்பவை. ஆனால் மழைக்காலத்தில் ஆண் மஞ்சளாக மாறும் நம் பெரிய தவளையின் தலைப்பிரட்டை ஊனுண்ணி, கொசுப்புழுவையும் தின்னும். சில இனத் தலைப்பிரட்டைகள் ஏடிஸ் முட்டைகளைத் தின்பதை இலங்கை ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று காட்டியது. கோஸ்டாரிக்காவிலும் பனாமாவிலும் பூஞ்சை நோயால் தவளைகள் கூட்டமாக மடிந்த பகுதிகளில், அதற்கடுத்த சில ஆண்டுகள் மலேரியா கூடியதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. எந்த வழியில் அது நடந்தது என்பதை அந்தப் புள்ளிவிவரத்தால் நிறுவ முடியாது. எனினும் தவளை போன பிறகு நோய் கூடியது என்பதைத் தள்ளிவிடவும் முடியாது.

தவளை வந்தால் பாம்பும் வருமே என்பார்கள். வரலாம். பெரும்பாலும் வருவது நஞ்சில்லாத தண்ணீர்ப்பாம்பு. ஆனால் நல்ல பாம்பும் தவளையைத் தின்னும் என்பதால், குளத்தை வாசலிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி வெட்ட வேண்டும். அருகே செங்கல்லோ விறகோ குவிக்கக் கூடாது. இதைவிட வலுவான ஆட்சேபம், எல்லாக் குளமும் தன்னைக் காத்துக்கொள்ளாது என்பது. ஆகாயத்தாமரை அடர்ந்த குளத்தில் மான்சோனியா கொசுவின் புழு வேரைத் துளைத்து அங்கிருந்தே மூச்சுக்காற்று எடுக்கும். மேலே வராத அந்தப் புழு மீனுக்கு எளிதில் அகப்படாது. அந்தச் செடியை அகற்றியே ஆக வேண்டும். சாக்கடை கலக்கும் குளத்தில் வேட்டையாடிகள் பிழைக்காது, கியூலெக்ஸ் கொசு பிழைக்கும். புதிதாக வெட்டிய குளத்திலும் முதல் சில வாரங்கள் ஆபத்தானவை. அந்த இடைவெளிக்கு இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-இல் கண்டறியப்பட்ட பி.டி.ஐ. பாக்டீரியா மருந்து போதும். கொசுப்புழுவின் குடலில் நச்சாகும் அது, உரிய அளவில் இட்டால் தலைப்பிரட்டையையோ மீனையோ தட்டான் புழுவையோ கொல்வதில்லை. வாரம் ஒருமுறை கரையோரத் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பாருங்கள். நெளியும் கொசுப்புழுக்கள் வாரத்துக்கு வாரம் கூடினால் மருந்தை இடலாம். ஒன்றிரண்டு மட்டும் தென்பட்டு, கூடவே தட்டான் இளம்புழுவும் இருந்தால் குளத்தை அதன் போக்கில் விட்டுவிடலாம்.